ஞாயிற்றுக்கிழமை எண்ணெய்

கேனில் இருந்தது தண்ணீர். எண்ணெய் என்று நினைத்து அதை இஞ்சினுக்கு ஊற்றிவிட்டோம். இஞ்சின் ஒரு தடவை இருமியது. இன்னொரு தடவை இருமியது. நின்றுவிட்டது. அவ்வளவுதான் விஷயம். இதைச் சொல்ல இவ்வளவு போதும். என் மருமகன் கஸ்மீருக்குப் போதவில்லை. கயிற்றை இழுக்கிறான், இஞ்சினைப் பார்க்கிறான், மறுபடி இழுக்கிறான். "இழுக்காதல. தண்ணி உள்ள போயிட்டு. இழுக்க இழுக்க இன்னும் உள்ளதான் போவும்." "ஒரே ஒரு தடவ மாமா." ஒரே ஒரு தடவை என்று இவன் சொன்னால் அதற்கு முடிவே கிடையாது. என் மகளைப் பார்க்க வந்தபோதும் ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகிறேன் என்றுதான் வந்தான். போகவில்லை. இழுக்கட்டும். கை ஓய்ந்தால் தானாக உட்காருவான். படகில் நாங்கள் இரண்டு பேர், சவாரிக்கு வந்தவர்கள் நான்கு பேர். சிவகாசிக்காரர் ஒருவர், அவர் சம்சாரம், இரண்டு பெண்பிள்ளைகள். தீவை ஒரு சுற்று சுற்றிக் காட்டுவது, ஓங்கில், டால்பின்தான், துள்ளினால் காட்டுவது, வெயில் ஏறுவதற்குள் கரையில் இறக்கிவிடுவது. அதுதான் பேச்சு. தீவைச் சுற்றியாயிற்று. ஓங்கில் வரவில்லை. திரும்புகிற வழியில் டேங்க் காலி. காலியாகும் என்று தெரிந்ததுதான். அதற்குத்தான் கேன். கஸ்மீர் மூடியைத் திறந்தான், மோந்து பார்த்தான், ஊற்றினான். நானும் மோந்து பார்த்தேன் என்றுதான் நினைக்கிறேன். இல்லை, பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் ஒன்றுதான். வருஷக்கணக்காக மண்ணெண்ணெய் ஊறிய கேன். பச்சைத் தண்ணீரை ஊற்றி வைத்தாலும் மண்ணெண்ணெய் வாசம்தான் அடிக்கும். அந்த வாசத்தை நம்பித்தானே இந்த வேலையையே செய்தோம். இப்போது கடல் சும்மா கிடக்கிறது. இஞ்சின் சத்தம் நின்றதும் காது அடைத்த மாதிரி இருந்தது, பிறகு திறந்துகொண்டது, படகின் வயிற்றில் தண்ணீர் தட்டுகிற சத்தம் மட்டும் கேட்கிறது. தட், தட். யாரோ வீட்டுக்கு வந்துவிட்டு உள்ளே கூப்பிடுவார்களா என்று நிற்கிற மாதிரி. "என்னங்கய்யா, ரிப்பேரா?" என்று சிவகாசிக்காரர் கேட்டார். "இல்ல." "பின்ன?" "எண்ண இல்ல." "கேன்ல ஊத்துனாரே?" "தண்ணி." அவர் சிரித்தார். வேடிக்கை பேசுகிறேன் என்று நினைத்திருக்கிறார். நான் வேடிக்கை பேசுகிறவன் இல்லை என்று அவருக்கு யார் சொல்வது.

வாசலுக்கு இடப்பக்கமா, வலப்பக்கமா. அதுதான் மண்டைக்குள் சுற்றுகிறது. நேற்று சாயங்காலம் இரண்டு கேனும் வாசலில் இருந்தன. ஒன்று கதவுக்கு இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம். எங்கள் ஊரில் சனிக்கிழமை சாயங்காலம் கோயில் மணி அடித்ததும் எல்லா வீட்டு எண்ணெய்க் கேனும் கோயிலை ஒட்டின கொட்டகைக்குப் போய்விட வேண்டும். கமிட்டி பூட்டு போடும். திங்கட்கிழமை விடியற்காலை திறக்கும். ஞாயிற்றுக்கிழமை கடலில் ஒரு இஞ்சின் சத்தம் கேட்கக்கூடாது. ஊர் முடிவு. கூட்டத்தில் நானும் கை தூக்கினேன். இன்றைக்குக் கேட்டாலும் தூக்குவேன். மனுஷனுக்கு ஒரு நாள் வேண்டும், மீனுக்கும் ஒரு நாள் வேண்டும். அப்போது கஸ்மீரிடம் சவாரிப் படகு இல்லை. பிறகு வாங்கினான். வாங்கின பிறகுதான் தெரிந்தது, சவாரிக்கு ஆள் வருவது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் என்று. திங்கட்கிழமை எவன் டால்பின் பார்க்க வருவான். இவன் கூட்டத்தில் எழுந்து, "நாங்க மீனா புடிக்கோம், ஆளத்தான ஏத்துதோம்" என்றான். பின்னாலிருந்து ஒருவன், "ஏல, ஆள ஏத்தி எறக்குனா அது வேல இல்லயா, அப்ப பஸ் டிரைவருக்கு எதுக்குல சம்பளம்" என்றான். பாதர் சிரித்துக்கொண்டே, "ஞாயித்துக்கிழம பஸ் ஓடத்தான செய்யுது, ரயில் ஓடத்தான செய்யுது" என்றார். தலைவர் பங்கிராஸ் எழுந்தார். வேட்டியைச் சரி செய்தார். அதற்கே நேரம் எடுத்துக்கொள்வார். "பஸ் கடல்ல ஓடல சாமி" என்றார். முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை இறங்கினவனுக்கு ஊர் கை கொடுக்காது. தள்ளிவிடாது, இழுத்துவிடாது, தேடி வராது. அதையும் எழுதாமல் வாயால் சொல்லிவிட்டார்கள். வாயால் சொன்னதுதான் எங்கள் ஊரில் நிற்கும். எங்களிடம் ஊருக்குத் தெரிந்தது ஒரு கேன். தெரியாமல் இன்னொன்றைக் கஸ்மீர் வெளியூரில் வாங்கிவந்தான், அதே வெள்ளை, அதே அழுக்கு, அதே வளைந்த கைப்பிடி. என் மகள் மெட்டில்டா ஒன்றில் தண்ணீர் நிரப்பி வைத்தாள். தண்ணீர் கொட்டகைக்கு, எண்ணெய் படகுக்கு. சின்னப் பிள்ளைக்கும் புரியும். கொட்டகைக்குத் தூக்கிக்கொண்டு போனது நான். வாசலுக்கு இடப்பக்கமா, வலப்பக்கமா. உள்ளே அடுப்படியிலிருந்து அவள் என்னவோ சொன்னாள். சரி சரி என்றேன். என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை. மணி அடித்துக்கொண்டிருந்தது. மணி நிற்பதற்குள் போய்விட வேண்டும், கடைசி ஆளாக நின்றால் எல்லாரும் கேனைப் பார்ப்பார்கள் என்று அவசரம். இடப்பக்கம் செருப்பு கிடந்தது. செருப்பைத் தாண்டினேனா. தாண்டின மாதிரியும் இருக்கிறது.

படகு இழுபடுகிறது. நீவாடு நல்ல வேகம். நீவாடு என்றால் தண்ணீரின் ஓட்டம், கரையில் நின்று பார்க்கிறவனுக்குத் தெரியாது, மேலே ஒன்றும் காட்டாது, அடியில் இழுத்துக்கொண்டே இருக்கும். தீவின் முனை காலையில் நேர் எதிரே இருந்தது, இப்போது தோளுக்குப் பின்னால் போய்விட்டது. அப்படியென்றால் தெற்கே போகிறோம். தெற்கே மூக்கன் பார். பார் என்றால் தண்ணீருக்குள் கிடக்கிற பாறைமேடு. அலை அதன்மேல் ஏறி வெள்ளையாக உடைகிறது, இங்கிருந்து பார்க்க யாரோ துணி காயப்போட்டிருக்கிற மாதிரி. அழகாக இருக்கிறது என்று சிவகாசிக்காரர் சம்சாரம் சொன்னார். இந்தப் படகு பைபர். மரம் என்றால் ஒரு இடி தாங்கும், இரண்டு இடி தாங்கும். பைபர் முட்டை ஓடு. நங்கூரம் போட்டுப் பார்த்தாயிற்று. அடியில் பலகைப்பாறை, பிடிக்க ஒன்றும் இல்லை, கயிறு விரலில் நடுங்குகிறது, நங்கூரம் அடியில் நாய்க்குட்டி மாதிரி பின்னாலேயே வருகிறது. கஸ்மீர் உட்காரும் பலகை ஒன்றைப் பெயர்த்துத் துடுப்பு போட்டான். படகின் முகம் திரும்பியது. போகிற இடம் திரும்பவில்லை. பயம் வரவேண்டும். வரவில்லை. பல் பிடுங்கின அன்றைக்கு டாக்டர் ஊசி போட்டுவிட்டு வெளியே உட்காரச் சொன்னார். கன்னம் என்னுடையதாக இல்லை. விரலால் தொட்டால் விரலுக்குத் தெரிகிறது, கன்னத்துக்குத் தெரியவில்லை. உதடு எங்கே முடிகிறது என்று தெரியாமல் காப்பியைச் சட்டையில் ஊற்றிக்கொண்டேன். இப்போது அந்த மாதிரிதான் இருக்கிறது, ஆனால் உள்ளே. மூக்கன் பார் என்று நினைக்கிறேன், இரண்டு பெண்பிள்ளைகள் என்று நினைக்கிறேன், விரலால் தொடுகிற மாதிரி தொட்டுப் பார்க்கிறேன். தொடுவது தெரிகிறது. தொடப்படுவது தெரியவில்லை. ஒரு காலத்தில் யூதாததேயு என்று ஒரு படகு அந்தப் பாரில் ஏறியது. மறுநாள் நாங்கள் போய்ப் பார்த்தோம். படகின் முன்பக்கம் மட்டும் கிடந்தது, அதில் பெயிண்டில் எழுதின பேரில் பாதி. யூதா. புனிதர் பேர் போய், ஏசுவைக் காட்டிக்கொடுத்தவன் பேர் மாதிரி நின்றது. அதைப் பார்த்து ஒருத்தன் சிரித்தான். ஏன் சிரித்தான் என்று யாரும் கேட்கவில்லை, நானும் சிரித்தேன் என்று ஞாபகம். சிரிக்கவேண்டிய இடமா அது. கால் மரத்துவிட்டது. நீட்டினால் ஐஸ்பெட்டி இடிக்கிறது. ஐஸ்பெட்டியில் கலர் பாட்டிலும் எலுமிச்சம்சாதமும் இருக்கிறது. அந்த அம்மா எனக்கும் ஒரு தட்டு நீட்டினார். வாங்கித் தின்றேன். நன்றாக இருந்தது. கடலை கொஞ்சம் கூடுதல். இந்த நேரத்தில் கடலை கூட என்று தோன்றுகிறதே, இது என்ன புத்தி. பெரிய பெண் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஆரஞ்சு மிதவைச் சட்டை அவளுக்குப் பெரிசு, அதற்குள்ளிருந்து ஆமை மாதிரி தலையை நீட்டினாள். "தாத்தா, நாம தொலைஞ்சிட்டமா?" "இல்ல." "பின்ன ஏன் போகல?" "எங்க இருக்கோம்னு தெரியும். போகத்தான் முடியல." யோசித்தாள். "அதுக்குத் தொலையறதே தேவல" என்றாள். சரியாகத்தான் சொல்கிறாள். சிவகாசிக்காரர், "தாத்தாவத் தொந்தரவு பண்ணாத பாப்பா" என்றார். எனக்கு என்ன தொந்தரவு. கேட்கட்டும். கேள்வி கேட்டுக்கொண்டிருந்தால் அவள் அந்த வெள்ளையைப் பார்க்க மாட்டாள்.

கடல் போலீசுக்குப் போன் போட்டாயிற்று. மரியாதையாகப் பேசினார்கள். எந்த இடம், எத்தனை பேர், பிள்ளைகள் உண்டா, எல்லாம் கேட்டார்கள். கிளம்பிவிட்டோம் என்றார்கள். அவர்கள் இருக்கிற துறைமுகத்திலிருந்து இங்கே வந்து சேர மத்தியானம் ஆகும். அது அவர்கள் குற்றமில்லை. கடல் பெரிசு. மூக்கன் பார் மத்தியானம் வரை நமக்காகக் காத்திருக்காது. ஊரிலிருந்து வந்தால்தான் உண்டு. ஊரிலிருந்து வந்தால் சீக்கிரம் வந்துவிடலாம். ஊர் வராது. வரவேண்டும் என்றாலும் எண்ணெய் வேண்டும், எண்ணெய் எல்லாம் பூட்டுக்குள் இருக்கிறது, எங்கள் எண்ணெயும் அங்கேதான் இருக்கிறது, பத்திரமாக. கஸ்மீர் மெட்டில்டாவைக் கூப்பிட்டான். ஸ்பீக்கரில் போட்டான். போட்டிருக்க வேண்டாம், சிவகாசிக்காரர் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். "தலைவர் வீட்டுக்குப் போனேன்" என்றாள் அவள். மூச்சு வாங்குகிறது, ஓடியிருக்கிறாள். "சாவி பாதர்ட்ட இருக்குங்காரு." "பாதர்ட்ட கேளு." "பாதர் அடுத்த ஊருக்குப் பூசைக்குப் போயிட்டாவ. போன்ல கேட்டேன். சாவி தலைவர்ட்டதான் இருக்குங்காவ." "திரும்ப அவருட்ட கேளு." "கேட்டாச்சு. பாதர் வந்து இங்க பூசை முடிஞ்சு கமிட்டி கூடட்டும்ங்காரு. ஊர் முடிவ ஒரு ஆளு மாத்த முடியாதுங்காரு." அதுவும் சரிதான். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். அதே வார்த்தை. வேட்டியை மட்டும் அவ்வளவு நேரம் சரி செய்ய மாட்டேன். "வீட்ல வேற யாரு இருந்தா?" என்று கேட்டேன் நான். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை. "தலைவர் வீட்டம்மாதான். எனக்குக் குடிக்கத் தண்ணி குடுத்தாவ. படகுல பிள்ளைய எத்தனைன்னு கேட்டாவ. ரெண்டுன்னேன்." இணைப்பு விட்டுப்போயிற்று. யார் வருவார்கள். ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்க்கிறேன். வடக்குத்தெரு சிலுவை வரலாம், நல்ல கைகாரன், ஆனால் கமிட்டியில் இருக்கிறான். அவன் தம்பி வரலாம், வந்தால் அண்ணனோடு பேச்சு போய்விடும். எங்கள் சொந்தக்காரர்கள் வரமாட்டார்கள், சொந்தக்காரன் வந்தால் அவனுக்கு ஓரவஞ்சனை என்று பேர் வரும். என்னை வைத்துப் பார்க்கிறேன். கரையில் நான் நிற்கிறேன், கடலில் வேறு எவனோ ஒருத்தன் ஞாயிற்றுக்கிழமை சவாரி ஏற்றிக்கொண்டு போய் மாட்டிக்கொண்டான். நான் போவேனா. போயிருப்பேன் என்று சொல்ல நாக்கு வருகிறது. மனசு வரவில்லை. கை கட்டி நிற்பேன். கட்டிக்கொண்டு, கடைசியில் யாராவது ஒருத்தன் போனால் அவனைத் திட்டிக்கொண்டே பின்னால் போவேன். தலைவர் வீட்டம்மா எப்படி இருப்பார்கள். முகம் வரவில்லை. பங்கிராஸின் முகம் வருகிறது, சட்டைப்பையில் கண்ணாடிக்கூடு வருகிறது, அவர் வீட்டு வாசலில் காய்கிற கருவாடு வருகிறது, கருவாட்டுக்குப் பின்னால் ஒரு சேலை வருகிறது. சேலைக்கு மேலே ஒன்றும் இல்லை. கோயிலில் பெண்கள் பக்கம் முன்வரிசையில் உட்காருவார்கள், முதுகு தெரியும். இத்தனை வருஷம் முதுகைப் பார்த்திருக்கிறேன்.

கை லேசாக இருந்தது. நேற்று கொட்டகைக்குப் போகும்போது கேன் லேசாக இருந்தது. அதுதான். இப்போதுதான் வந்து நிற்கிறது, இவ்வளவு நேரம் இடப்பக்கம் வலப்பக்கம் என்று சுற்றிக்கொண்டிருந்தேன், அது பக்கத்திலேயே இருந்திருக்கிறது. தண்ணீர் கனம். எண்ணெய் அவ்வளவு கனம் இல்லை. இது தெரியாத ஆளா நான். கேனைத் தூக்கினதும் கைக்குத் தெரிந்தது. கைக்குத் தெரிந்ததைத் தலை வேறு மாதிரி எடுத்துக்கொண்டது. பரவாயில்லையே, தொபியாஸ், இந்த வயசிலும் தண்ணீர் கேனை ஒரு கையில் தூக்கிக்கொண்டு போகிறாயே என்று நினைத்துக்கொண்டேன். நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன். கொட்டகை வாசலில் நின்ற பயல், "தாத்தா, குடும், நான் தூக்குதேன்" என்றான். "தள்ளிப் போல" என்றேன். ஒரு கையாலேயே உள்ளே வைத்தேன். அந்தப் பெருமைக்குத்தான் இப்போது இரண்டு பிள்ளைகள் ஆரஞ்சுச் சட்டைக்குள் உட்கார்ந்திருக்கிறார்கள். உள்ளே ஏதாவது குத்தவேண்டும். குத்தவில்லை. தெரிகிறது, அவ்வளவுதான். வெயில் அடிக்கிறது என்று தெரிவதுபோல. முழங்கால் வலிக்கிறது என்று தெரிவதுபோல. கஸ்மீருக்கு மறுபடி லைன் கிடைத்துவிட்டது. எடுத்ததும் கத்துகிறான். "நீதானடி நெரப்புன? எதுல நெரப்புனன்னு ஒனக்குத் தெரியாண்டாமா? ஆறு உசுருடி இங்க!" "நான் சரியாத்தான் வச்சேன். செருப்பு பக்கம் இருக்கது தண்ணின்னு அப்பாட்ட உள்ளருந்து சொன்னேன்லா." "சொன்னியா? யாருட்ட சொன்ன? செவுத்துட்டயா?" அவள் அழுகிறாள். இந்த ஸ்பீக்கரை எவன் கண்டுபிடித்தான். சிவகாசிக்காரர் கடலைப் பார்க்கிறார். அவர் சம்சாரம் சின்னப் பெண்ணின் காதைக் கையால் பொத்துகிறார், அது தூங்குகிறது, தூங்குகிற பிள்ளைக்கு எதற்குக் காதைப் பொத்துவது. போனைப் பிடுங்கினேன். "அவ இல்ல" என்றேன். "என்ன மாமா?" "நான்." "என்ன நீங்க?" "செருப்பத் தாண்டிப் போயி வலப்பக்கம் உள்ளதத் தூக்குனேன். கேன் லேசாத்தான் இருந்துது. அவள வையாத." போனில் அழுகை நின்றது. கஸ்மீர் என்னைப் பார்த்தான். வாயைத் திறந்தான். ஏதோ பெரிசாகத்தான் வரப்போகிறது என்று இருந்தேன். "சரி மாமா, கம்ப எடுங்க" என்றான். "பார் கிட்ட வந்துட்டு."

வந்துவிட்டது. துணி காயப்போட்ட மாதிரி இருந்தது இப்போது சத்தம் போடுகிறது. தூரத்தில் இருக்கும்போது அலை உடைவது ஒரே சத்தம், கிட்டே வந்தால் இரண்டு. முதலில் ஏறுகிற சத்தம், பிறகு பாறைக்குள்ளிருந்து தண்ணீர் உறிஞ்சி வாங்குகிற சத்தம். இரண்டாவதுதான் மோசம். தண்ணீர் நிறம் மாறிவிட்டது, அடி தெரிகிறது, பழுப்புப் பாசி தலைமுடி மாதிரி ஒரே பக்கம் சாய்ந்து கிடக்கிறது. பெரிய பெண்ணிடம், "உன் தங்கச்சிய எழுப்பு. அம்மா கையப் புடிச்சிக்கோங்க. படகு இடிச்சா கத்தக்கூடாது, குதிக்கக்கூடாது, நான் சொன்னாத்தான்" என்றேன். தலையாட்டினாள். கேள்வி கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை. சிவகாசிக்காரர், "ஐயா, எனக்கு நீச்சல் தெரியாதுங்கய்யா" என்றார், ஏதோ பள்ளிக்கூடத்தில் வாத்தியாரிடம் சொல்கிற மாதிரி. "காலண்டர் அடிக்கிற தொழில்ங்கய்யா நமக்கு. ஞாயித்துக்கெழமைக்குன்னு தனியாச் செவப்பு மை வாங்குறோம்." எதற்கு இதைச் சொல்கிறார். சொல்லட்டும். ஆளுக்கு ஒன்று வாயில் வருகிறது. எனக்கு எலுமிச்சம்சாதத்தில் கடலை. நானும் கஸ்மீரும் ஆளுக்கொரு பக்கம் கம்பை ஊன்றினோம். பாறை பிடித்தது. கம்பு வளைந்தது. படகு நின்றது, ஒரு மூச்சு நின்றது, அடுத்த அலை தூக்கியது, கம்பு கையிலிருந்து உருவப் பார்த்தது. நெஞ்சை அதன்மேல் போட்டேன். விலா எலும்பில் ஏதோ நெரிந்தது. நெரிந்தது தெரிந்தது. வலி தெரியவில்லை. வலி பிறகு வரும், அதற்கென்ன அவசரம். இறங்கின அலை படகின் அடியை ஒரு தடவை பாறையில் தட்டியது. மெதுவாகத்தான். தட் என்று இல்லை, கரக் என்று. அந்த அம்மா முருகா என்றார். நான் யாரையும் கூப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசையை விட்டுவிட்டு இங்கே நிற்கிறவன் யாரைக் கூப்பிடுவது. இன்னொரு அலை. இன்னொரு கரக். காலடியில் ஈரம். கடல்தண்ணீரா, ஐஸ்பெட்டித் தண்ணீரா என்று குனிந்து பார்க்க முடியவில்லை. நாக்கில் வைத்துப் பார்த்தால் தெரியும் என்று தோன்றியது. இப்படியெல்லாம் தோன்றுகிறது. அப்போது சத்தம். அலைச் சத்தத்துக்கு நடுவே, விட்டு விட்டு, மூக்கடைத்தவன் குறட்டை மாதிரி. இஞ்சின். ஞாயிற்றுக்கிழமைக் கடலில் இஞ்சின் சத்தம். முதலில் எனக்கு வந்தது கோபம். எவன்ல அது என்று. பழக்கம்.

சிலுவைதான். அவன் தம்பியும் இருந்தான். இரண்டு பேரும் பூசைக்குப் போட்ட வெள்ளைச் சட்டையைக்கூடக் கழற்றவில்லை, நனைந்து உடம்போடு ஒட்டிக் கிடந்தது. பாருக்கு வெளியிலேயே நிறுத்தி, முகத்தை அலைக்குக் கொடுத்து, கயிற்றை வீசினான். முதல் வீச்சு விழவில்லை. இரண்டாவது கஸ்மீர் கையில் விழுந்தது. கட்டினான். சிலுவையின் படகு முக்கியது, கயிறு விறைத்துத் தண்ணீரைச் சொட்டியது, எங்கள் படகு பாறையை விட மனசில்லாத மாதிரி ஒரு தடவை தேய்த்துக்கொண்டு வந்தது. ஆழத்துக்கு வந்ததும் நிறுத்தினான். பக்கத்தில் அணைத்தான். பெண்பிள்ளைகள் இரண்டையும் தூக்கி அவன் படகில் போட்டோம், பிறகு அந்த அம்மாவை. எங்கள் படகில் கணுக்கால் அளவு தண்ணீர். கஸ்மீர் உட்கார்ந்து இறைக்க ஆரம்பித்தான். நான் கம்பை விடவில்லை. விரல் திறக்கவில்லை, சிலுவையின் தம்பி வந்து ஒவ்வொரு விரலாகப் பிரித்தான். "கொட்டகைய யாருல தொறந்தா?" என்றேன். நன்றி சொல்லியிருக்க வேண்டும். இதுதான் வந்தது. சிலுவை சிரித்தான். "தொறக்கலியே. உடைச்சது." "கமிட்டி கூடிச்சா?" "எங்க கூட. எல்லாரும் கொட்டகை முன்னாடி நிக்கோம். தலைவர் சாவி பாதர்ட்டங்காரு. பாதர் போன்ல தலைவர்ட்டங்காவ. உம்ம மக தலையில அடிச்சிட்டு அழுதா. யாரு மொதக் கைய வைக்கதுன்னு அவன் அவன் மூஞ்சியப் பாக்கோம். நானுந்தான் பாத்தேன், பொய் சொல்லக்கூடாது." தம்பிக்காரன் குறுக்கே விழுந்தான். "தலைவர் வீட்டம்மா விறுவிறுன்னு வீட்டுக்குள்ள போனாவ. கோவிச்சிட்டுப் போறாவன்னு பாத்தா, அம்மிக் குழவியத் தூக்கிட்டு வாறாவ. 'பூட்டு போனா நான் வாங்கித் தாரேன், பிள்ள போனா நீங்க வாங்கித் தருவியளா'ன்னு கேட்டாவ. ஒரே போடு." "பங்கிராஸ் என்ன சொன்னாரு?" "குழவி உடைஞ்சிரும்னாரு." கஸ்மீர் இறைப்பதை நிறுத்திவிட்டுச் சிரித்தான். எனக்கும் வந்தது. விலாவில் பிடித்தது. அங்கேதான் முதல் வலி. "பூட்டு கீழ விழுந்ததும் அந்தம்மா எங்களப் பாத்தாவ பாரும்" என்றான் சிலுவை. "கேன எடுத்து என் கையில குடுத்தாவ. அதுக்கப்புறம் நிக்க முடியுமா." சிவகாசிக்காரர் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு படகின் விளிம்பைப் பிடித்தபடி இருந்தார். முகம் வெளுத்து, உப்புப் பூத்துக் கிடந்தது. "ஐயா, அந்தம்மா பேரென்னங்கய்யா?" என்று கேட்டார். "கும்பிடணும்னா ஒரு பேரு வேணும்லங்கய்யா." நான் வாயைத் திறந்தேன். பங்கிராஸ் பெண்டாட்டி. தலைவர் வீட்டம்மா. முன்வரிசை முதுகு. அதற்குமேல் என்னிடம் ஒன்றும் இல்லை. "ஏல சிலுவை, அந்தம்மா பேரு என்ன?" "தலைவர் வீட்டம்மால்லா?" "அது எனக்குத் தெரியாதா. பேரக் கேக்கேன்." அவன் தம்பியைப் பார்த்தான். தம்பி கடலைப் பார்த்தான். கஸ்மீர் தன் காலைப் பார்த்தான். நாலு ஆம்பிளை, ஒரே ஊர், ஒரே கோயில். சிலுவை போனை எடுத்து அவன் அம்மாவைக் கூப்பிட்டான். காற்றுக்கு முதுகைக் கொடுத்து, ஒரு காதைப் பொத்திக்கொண்டு கேட்டான். "ஆமா, எல்லாரும் நல்லாருக்காவ. நனையல. ஆமா, சட்ட நனைஞ்சிட்டு. அத விடுங்கம்மா, தலைவர் வீட்டம்மா பேரென்ன? என்னது? எதுக்குச் சிரிக்கிய, சொல்லுங்க." கேட்டான். எங்கள் பக்கம் திரும்பினான். சொன்னான். எனக்குச் சரியாக விழுந்தது, ஆனாலும் இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். சொன்னான். நான் சிவகாசிக்காரர் பக்கம் திரும்பி, அவருக்குப் புரியும்படி, நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். கித்தேரியம்மாள்.